நன்றி போடும் மாஸ்டர்

ஹட்டன் டவுனில் அந்த பேக்கரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு தட்டு மீன் பணிஸைக் கவிழ்த்துவிட்டேன். காலை நேரம், கடை நிறைய ஆட்கள். முக்கோணமாக இருப்பது உருளாது என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். மீன் பணிஸ்கள் நாலு பக்கமும் உருண்டன. ஒன்று, வரிசையில் நின்ற பெரியவர் ஒருவரின் பாதி மடித்த குடைக்குள் போய் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. பாண் வாங்கிக்கொண்டு, குடைக்குள் பணிஸோடு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார். எனக்கு அழுகை முட்டியது. அப்போது உள்ளேயிருந்து முழங்கை வரை மாவோடு ஒரு மனிதர் ஓடிவந்தார். ஒல்லியான உயரமான உருவம். தலையில் பிளாஸ்டிக் தொப்பி, மீசையில் சீனித் தூள்.

"புதுசா வந்த புள்ள நீங்கதானா? ரொம்ப நன்றிங்க."

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்து நான் அழவே தொடங்கிவிட்டேன்.

"நெசமாத்தாங்க. இந்த எடத்துல தரை வழுக்குதுன்னு நானும் முதலாளிகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. நம்பவே மாட்டேன்னுட்டாரு. நீங்க வந்த அன்னைக்கே நிரூபிச்சிட்டீங்களே! இதுக்கு ஒரு நன்றி போடணும்."

நன்றி சொல்வார்கள், கேட்டிருக்கிறேன். நன்றி போடுவது என்றால் என்னவென்று பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில்தான் தெரிந்தது. என் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பணிஸ் இருந்தது. அதன் முதுகில் ரோஸ் நிற ஐசிங்கில் முத்து முத்தாக எழுதியிருந்தது: 'வழுக்கியதற்கு நன்றி.'

அவர்தான் எங்கள் கேக் மாஸ்டர். பிறந்தநாள், கல்யாணம், சாமத்தியச் சடங்கு, எதற்குக் கேக் வந்தாலும் எழுத்து அவர் கை எழுத்துத்தான். ஓடர் கேக்குகளை முடித்தபின் ஐசிங் கூம்பில் கொஞ்சம் மிச்சமிருக்கும். வேறு யாராக இருந்தாலும் வழித்து நக்கியிருப்பார்கள். மாஸ்டர் அந்த மிச்சத்தில் எங்களுக்கு நன்றி போடுவார்.

பொதுவாக 'நல்லா வேலை செஞ்சீங்க' என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிற ஆளில்லை அவர். அவருக்குக் குறிப்பாக ஏதாவது வேண்டும். நாம் செய்ததை நாமே மறந்திருப்போம். அவர் எங்கிருந்தோ பார்த்திருப்பார். 'அந்தக் கோபக்கார அம்மாவுக்குச் சில்லறையைச் சிரித்துக்கொண்டே கொடுத்ததற்கு நன்றி' என்று ஒரு தடவை எனக்குப் போட்டார். பணிஸில் இடம் போதாமல் கடைசி 'நன்றி' பக்கத்துப் பணிஸில் இருந்தது. பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோவை ஓட்டுகிற ரவிக்கு, 'நாயை எழுப்பாமல் சுற்றி வந்ததற்கு நன்றி'. ரவி அதைச் சாப்பிட மனமில்லாமல் ஓட்டோவின் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனான். எறும்பு ஒவ்வொரு எழுத்தாகத் தின்று, கடைசியில் 'நாயை' மட்டும் மிஞ்சியது. அதன் பிறகுதான் எடுத்தெறிந்தான்.

பாண் சுடும் போறணையைப் பார்க்கிற பியதாசவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவருக்காக மாஸ்டர் சிங்களத்தில் போடுவார். மாஸ்டரின் சிங்கள எழுத்து நனைந்த முறுக்கு மாதிரி இருக்கும். பியதாச அதைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்ப்பார். "மாஸ்டர், இது என்னா சொல்றது?" என்பார். மாஸ்டர் வாசித்துக் காட்டுவார். பியதாச கேட்டுவிட்டு, மிகவும் யோசனையோடு மென்று விழுங்குவார்.

மனிதர்களுக்கு மட்டும் என்றில்லை. கரண்ட் போனால், "கண்ணுக்கு கொஞ்சம் ஓய்வு குடுத்தாங்க, நன்றி" என்பார். மழை விடாமல் அடித்தால், "தேயிலைக்கு நல்லதுங்க." வெயில் அடித்தால், "துணிக்கு நல்லதுங்க." இரண்டும் இல்லாமல் பனிமூட்டமாகக் கிடந்தால், "கடனுக்கு பாண் கேக்க வர்றவருக்கு நம்ம கடை தெரியாதுங்க, அதுவும் நல்லதுதான்."

இந்த நன்றியால் ஒரு முறை பெரிய வம்பு வந்தது.

கடையின் கழிவறை அடைத்துக்கொண்டது. முதலாளி ஆள் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடையைக் கூட்டித் துடைக்கிற பாக்கியம் அக்கா ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஒரு கம்பியை வளைத்து எடுத்துப்போய்ச் சரிசெய்து, கழுவியும் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வழக்கம்போல உட்கார்ந்துவிட்டார். மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதற்குப் பணிஸ் போதாது, கேக்தான் என்றார். சொந்தச் செலவில் அடித்தார். நீல ரோஜாக்கள் சுற்றிவர, நடுவில், 'கழிவறையைக் கழுவிய உங்கள் கைகளுக்கு எங்கள் நன்றி.'

அன்றைக்கே பக்கத்துப் பாடசாலையிலிருந்து ஒரு ஓடர். அதிபர் ஓய்வு பெறுகிறார், பிரியாவிடை. அதே அளவு, அதே பெட்டி. மாஸ்டரே இரண்டையும் நூல் கட்டி வைத்தார். ரவி ஒன்றை எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனான். மற்றது பாக்கியம் அக்காவோடு அவர் குடியிருக்கும் தோட்ட லயத்துக்குப் போனது.

பிரியாவிடையில் நடந்ததை ரவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சாப்பாடு போடுவார்கள் என்று அவன் அங்கேயே நின்றுவிட்டான். மேடையில் அதிகாரிகள், கீழே பிள்ளைகளும் பெற்றோரும். நிகழ்ச்சியை நடத்திய ஆசிரியர் ஒருவர் பெட்டியைத் திறந்து, கேக்கில் உள்ளதை மைக்கில் உருக்கமாக வாசிக்கத் தொடங்கினார். "கழிவறையைக் கழுவிய உங்கள்..." வாசித்துவிட்டார். பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. "...கைகளுக்கு எங்கள் நன்றி" என்று மெதுவாக முடித்தார். பின்வரிசையில் யாரோ ஒரு பையன் மட்டும் மூக்கால் சிரித்தானாம்.

அதிபர் எழுந்தார். கேக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரு ஒங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

அவர் அந்தப் பாடசாலைக்கு இளம் வாத்தியாராக வந்த காலத்தில் பிள்ளைகளின் கழிவறையைக் கழுவ ஆள் இல்லையாம். பொம்பளைப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப்போய், திரும்பி வராமலே இருந்துவிடுவார்களாம். அதனால் மணி அடிப்பதற்கு முன்னமே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தானே கழுவியிருக்கிறார், ஆள் போடும் வரைக்கும். "ஒருத்தரும் பாக்கலைன்னுதான் இவ்வளவு காலமும் நெனைச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாராம். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ரவியும் கைதட்டினான். தட்டியது போக ஒரு கையால் வடையும் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பாக்கியம் அக்கா கடைக்கு வந்தார். கையில் வெட்டாத கேக். அதன்மேல், துவைத்து மடித்த கடை ஏப்ரன். முகம் அழுது வீங்கியிருந்தது.

"நான் என்னாங்க தப்பு செஞ்சேன்? நேத்துகூட அந்தக் குழியக் கிண்டி விட்டேனே."

கேக்கைப் பார்த்தோம். 'நீண்ட சேவையிலிருந்து ஓய்வு பெறும் உங்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' மருமகள் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். லயத்தில் எல்லாரும் கூடி, வேலையிலிருந்து நிற்பாட்டுவதை இவ்வளவு மரியாதையாகச் சொல்கிற கடையை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அக்காவுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

மாஸ்டர் தலையில் கைவைத்து மா மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். முதலாளி அன்று ஒரு சட்டம் போட்டார்: இனிமேல் நன்றி பணிஸோடு நிற்க வேண்டும். அதுவும் விற்காத பணிஸோடு.

இப்படிப்பட்டவர் வீடு விற்கக் கிளம்பினார்.

நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில், பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே, மேட்டில் இருந்தது அவருடைய வீடு. கீழே தூரத்தில் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் தெரியும். சின்ன வீடுதான். ஆனால் அவர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ஒரு சுவர்கூடச் சொந்தமாக இருந்ததில்லை. அந்த வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே கட்டினார். முதல் தடவை என்னைக் கூட்டிப்போய்க் காட்டியபோது முன்னறைச் சுவரை விரலால் தட்டினார்.

"கேட்டீங்களா?"

"ஒண்ணும் கேக்கலையே, மாஸ்டர்."

"அதுதாங்க! லயத்துல தட்டினா அந்தப் பக்கத்திலேருந்து திருப்பித் தட்டுவாங்க. இது நம்ம சுவரு. சும்மா இருக்கு பாருங்க."

பாதையிலிருந்து வீட்டுக்கு ஏற வேண்டிய படிகள்தான் பிரச்சினை. கல்லை அடுக்கிச் செய்த படிகள், ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை. மாஸ்டரின் மனைவிக்கு, நாங்கள் மாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறவருக்கு, முழங்கால் போய்விட்டது. மழைக்காலத்தில் அவர் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து... மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவார். "மெதுவாவே வாங்க. மெதுவா எறங்குனாத்தான் இந்தப் பூவெல்லாம் கண்ணுல படுது" என்பார். அம்மா பூவைப் பார்க்காமல் அடுத்த படியைக் கையால் தடவிப் பார்ப்பார்.

மகள் கல்யாணமாகி வத்தளையில் இருந்தாள். அங்கே சமதரையில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தாள். இங்கே விற்றால்தான் அங்கே வாங்கலாம். மாஸ்டர் சம்மதித்துவிட்டார். ரவி உடனே களத்தில் இறங்கினான். சூன் பாண் ஓட்டோவின் ஸ்பீக்கரில் பாட்டுக்கு நடுவே தன் குரலைப் பதிந்து விட்டான். "பாண்! பணிஸ்! மாலு பணிஸ்! வீடு!" கேட்டவர்களெல்லாம் கையில் காசோடு ஓடிவந்தார்கள். வீடு என்பது புதுவகைக் கேக் என்று நினைத்து இரண்டு வேண்டும் என்று ஒரு அம்மா அடம்பிடித்தாராம்.

முதலில் பார்க்க வந்தவர் கினிகத்தேனைப் பக்கம் லொறி வைத்திருக்கிற ஒரு ஆள். நல்ல வசதி. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். மாஸ்டர் அவரை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, "இப்ப எங்கங்க இருக்கீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

அவர் சலிப்பாக, ஆற்றோரம் ஒரு பழைய வீடு, பெரிய முற்றம், ஒரு பலாமரம், நாள் முழுக்கத் தண்ணிச் சத்தம் என்றார்.

"ஆத்துச் சத்தமா!" மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "பலா காய்க்குமா?"

"காய்க்கும். தின்ன ஆளில்ல."

"முத்தத்துல வெயில் விழுமா?"

"காலைல விழும்."

"காலை வெயில், ஆத்துச் சத்தம், பலாமரம். இதெல்லாத்தையும் விட்டுட்டா இங்க வர்றீங்க? அந்த வீட்டக் கட்டினவரு யாருங்க?"

"எங்கப்பா" என்றார் லொறிக்காரர். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு எழுந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் ஒரு பெரிய பலாப்பழம் பேக்கரிக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அடுத்து வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. அவர்களை மாஸ்டர் நேராகப் பின்னறை மூலைக்குக் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினார்.

"இங்க ஒழுகும்ங்க. ஆனா பாருங்க, இத்தன வருசத்துல இந்த எடத்த விட்டு ஒரு அங்குலம் தள்ளி ஒழுகினதில்ல. ஒரு வாளிய வச்சிட்டு நீங்க நிம்மதியாத் தூங்கலாம். ரொம்ப ஒழுக்கமான ஒழுகல்."

அவர்கள் படியிறங்கிய வேகத்தில் முழங்காலுக்கே வேலையில்லை.

அம்மா பேக்கரிக்குப் போன் எடுத்தார். எடுத்தது நான்தான். "புள்ள, இந்த மனுசன் வாயத் தச்சாத்தான் வீடு விக்கும். நீங்க எல்லாரும் ஒரு நாளைக்கு வாங்க. வீட்டையாவது ஒழுங்கு பண்ணுவோம்" என்றார்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கடை மூடியிருந்தது. நாங்கள் எல்லாரும் போனோம். பியதாச தார் டின்னோடு கூரையில் ஏறினார். பாக்கியம் அக்கா அடுப்படியைத் தேய்த்தார். ரவி புல் வெட்டினான். நான் கண்ணாடிகளைத் துடைத்தேன். மாஸ்டர் ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று நன்றி சொன்னார். அவர் நன்றி சொல்லும்போது கையில் வேலையை வைத்துக்கொண்டு கேட்பது மரியாதையில்லை என்று நாங்கள் நிறுத்துவோம். இதனால் ஒரு ஜன்னல் துடைக்க அரைக் காலை போனது. கூரைமேல் இருந்த பியதாசவுக்குக் கீழே நின்று கத்தி நன்றி சொன்னார். பியதாச குனிந்து, "என்னா?" என்றார். தார் டின் சரிந்தது. நல்லவேளை, மாஸ்டரின் பிளாஸ்டிக் தொப்பி தலையில் இருந்தது.

மாஸ்டரம்மா பொறுத்துப் பார்த்தார். பிறகு தூரிகை போதாது, வாங்கி வாருங்கள் என்று அவரை டிக்கோயாவுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் வேலை ஓடியது. மத்தியானத்துக்குள் வீடு பளபளத்தது. சுவர்களுக்கு வெளிர் மஞ்சள். முன்னால் வெட்டிய புல். துடைத்த கண்ணாடிகளில் கீழேயிருந்த தண்ணீர் அப்படியே தெரிந்தது.

மாஸ்டர் தூரிகையோடு திரும்பி வந்தார். வாசலில் நின்றார். ஒவ்வொரு அறையாகப் போனார். சுவரைத் தட்டிக் கேட்டார். திரும்பி வந்து, முகமெல்லாம் சிரிப்போடு சொன்னார்:

"இவ்வளவு நல்ல வீட்ட எதுக்குங்க விக்கணும்?"

கூரையில் பியதாச தார் பூசுவதை நிறுத்தியது கேட்டது.

மாஸ்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"தரை வழுக்குறதுக்கு நன்றி. கரண்டு போனா நன்றி. ஒழுகுனா நன்றி. இந்தப் படியில நான் ஒக்காந்து ஒக்காந்து எறங்குறேன். பின்னாலயே வந்து பூவக் காட்டுறீங்க. வலிக்குதான்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

மாஸ்டர் தூரிகைகளை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் ரவி ஓடிவந்தான். "மாஸ்டர் படியில விழுந்துட்டாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். விழவில்லை. மேல் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்துகொண்டிருந்தார். அம்மா இறங்குகிற மாதிரியே. இடுப்பில் கட்டியிருந்த சாரம் ஒரு கல்லில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு மறுபடி நகர்ந்தார். நடுவில் ஒரு உயரமான படியில் "ஆ!" என்றார். கீழே பாதையில் வந்த பஸ் நின்றது. கொண்டக்டர் தலையை நீட்டி, "விழுந்துட்டீங்களா? தூக்கவா?" என்று கேட்டார். பயணிகள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். "இல்லைங்க, நீங்க போங்க, நன்றி" என்றார் மாஸ்டர். பஸ் போகவில்லை. முடிவு தெரியாமல் போக அவர்களுக்கு மனமில்லை. கடைசிப் படிவரை அவர் உட்கார்ந்தே இறங்கி முடித்ததும் பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கைதட்டினார்கள்.

எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஏறி வந்தார். சாரத்தின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"கிழிசல மறைச்சுக்கிட்டுப் பேசுங்க, புள்ள நிக்கிது" என்றார் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியாரும் டீச்சரும். புதுசாகக் கல்யாணமானவர்கள். அம்மா எங்களையும் வரச் சொல்லியிருந்தார். மாஸ்டர் பேசத் தொடங்கினால் இருமுவது என் வேலை. இருமலுக்கும் அடங்காவிட்டால் ரவி கீழே ஓட்டோவில் பாட்டுப் போடுவதாக ஏற்பாடு.

டீச்சர் கெட்டிக்காரி. குழாயைத் திறந்து பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம் திரும்பினார்.

"வீடு வடிவாத்தான் கிடக்கு. பிறகு என்னத்துக்கு விக்கிறியள்?"

நான் இருமத் தயாரானேன். மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை.

"படிங்க. அந்தப் படியில ஏறி எறங்கி என் வீட்டுக்காரிக்கு முழங்கால் போயிருச்சு. ரொம்ப வலி. நான் கவனிக்காம இருந்துட்டேன். அந்த மூலை ஒழுகும். போன வாரம் தார் பூசியிருக்கோம், நிக்குமான்னு தெரியாது."

நாங்கள் 'ஆனா' வரும் என்று காத்திருந்தோம். பாக்கியம் அக்கா கண்ணை மூடிக்கொண்டே நின்றார். 'ஆனா' வரவில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டார்.

டீச்சர் கணவனைப் பார்த்தார். "நாங்கள் கனக்க வீடு பாத்திட்டம். எல்லாரும் நல்ல வீடு, நல்ல வீடு எண்டுதான் சொன்னவை. ஏன் விக்கினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. எங்களுக்கு ஒரே ஐமிச்சமும் சந்தேகமுமாக் கிடந்தது. நீங்கள்தான் காரணம் சொல்லுறியள்."

"எங்கட முழங்கால் இப்பத்தைக்கு நல்லாக் கிடக்கு" என்றார் வாத்தியார். அவர் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் அவரைப் படியில் ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டச் சொன்னார். அவரும் ஓடி ஏறி இறங்கினார். வீடு விலைப்பட்டது. ரவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பாட்டுப் போடும் வேலை வரவேயில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாஸ்டருக்கு யாராவது திருப்பி நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூடச் சரியில்லை, நிற்க மாட்டார். "இந்தா வர்றேன், கேக் கருகுது" என்று ஓடிவிடுவார். கேக் வைக்காத நாளிலும் கருகும்.

அவர் வத்தளைக்குப் போவதற்கு முன்னால் கடையில் ஒரு பிரியாவிடை வைத்தோம். முதலாளி சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, "எங்கள் மாஸ்டர்..." என்றதும் மாஸ்டரைக் காணோம். தேடினோம். மா மூட்டை அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். பியதாச ஒரு கணமும் யோசிக்கவில்லை. வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்.

"இப்ப நல்லம். இப்ப சொல்லுங்க. அவருக்கு போறதுக்கு எடம் இல்ல."

முதலாளி மூடிய கதவுக்கு முன்னால் நின்று பேசினார். வேலை செய்யும் ஆட்களிடம் மாஸ்டர் மாதிரிப் பேசலாம் என்று தனக்கு முன்பு தெரியாது என்றார். கதவை இரண்டு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு விலகினார். அடுத்து பியதாச.

"மாஸ்டர், நீங்க சிங்களத்துல எழுதினது எல்லாம் பிழை. ஒண்ணும் சரி இல்ல. நான் சொன்னது இல்ல. ஏன்னா, நீங்க வாசிச்சுக் காட்டுறது எனக்கு ஆசை."

பாக்கியம் அக்கா, கேக் மாறிப்போனதற்காகத் தன்னைத் தேடி லயம்வரை வந்து, எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்றார். ரவி பேசுவதற்குப் பதிலாக வெளியே போய் ஓட்டோ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வந்தான். "பாண்! பணிஸ்!" என்று அது ஊருக்கே கத்தியது. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ. முதல் நாளே என்னை வீட்டுக்குத் திரும்பிப் போக விடாமல் செய்தீர்கள் என்று சொன்னேன்.

உள்ளே ஏதோ மூட்டை சரிந்து விழும் சத்தம் கேட்டது.

கடைசியாக மாஸ்டரம்மா கதவருகே வந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டார்.

"எனக்கு இவங்க மாதிரியெல்லாம் பேச வராது" என்றார். "வெளிய வாங்க. பஸ்ஸுக்கு நேரமாகுது. நீங்க இல்லாம எனக்கு ஏறத் தெரியாது."

பியதாச தாழ்ப்பாளை நீக்கினார். மாஸ்டர் மா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எந்த மூட்டையோ பிரிந்து, தலையிலிருந்து கால்வரை வெள்ளை. அந்த வெள்ளை முகத்தில் கண்ணிலிருந்து தாடைவரைக்கும் இரண்டு கோடுகள் மட்டும் கறுப்பாக இறங்கியிருந்தன.

எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"கண்ணுல மாவு பட்டுருச்சுங்க" என்றார். பிறகு பொறுக்க முடியாமல், "நல்ல மாவு" என்றார்.